பாவாணர் பெயரை மறைக்கும் மூன்றெழுத்து



சென்னை அண்ணா சாலையில் பேருந்தேறி, "பாவாணர் நூலகத்தருகே இறக்கிவிடுக" என்று கேட்டுப் பாருங்கள். நடத்துநர் விழிப்பார். உடன்வருவார் ஒருவர், "எல்.எல்.ஏ. கட்டடத்தைச் சொல்கிறார்" என்று அவர்க்கு விளக்கம் தருவார். அந்த மூன்றெழுத்தும் தல நூலக ஆணைக்குழு என்பதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமேயன்றி வேறில்லை. ஒவ்வொரு தமிழ்ச்சொல்லின் வேரையும் தோண்டிக் காட்டுதற்கே வாழ்நாளை ஈந்தவர். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநர் பொறுப்பேற்று, 1981-இல் மறையும்வரை அப்பணியிலேயே தேய்ந்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். அவர் பெயர் தாங்கிய சென்னை மாவட்ட மைய நூலகத்துக்கு ஆங்கில மூன்றெழுத்து மூடி! இதனினும் இழிநிலை வேறுண்டோ?

பெயர்தானே என்று கடந்து போகாதீர். வாயிலில் தமிழுக்கு நேர்ந்தது உள்ளறையிலும் நேர்ந்திருக்கின்றது. அதனை உணரச் சென்னை நூலகங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கும்பணி ஆட்சிக்கு அலுவலரைப் பயிற்றிய இங்கிலாந்தின் கெயிலிபரிக் கல்லூரியில் மிகையென ஒதுக்கப்பட்ட நூல்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அவையே கன்னிமாரா நூலகத்தின் வித்து. ஆளுநர் கன்னிமாரா 1890-இல் கால்கோளிட்ட கட்டடம் 1896-இல் திறக்கப்பட்டது. வெள்ளையன் கழித்த நூல்களில் தொடங்கிய அந்நூலகம், 1950-இல் மாநில மைய நூலகமாயிற்று. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒருபடி பெறும் உரிமையுடைய நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று. இவையெல்லாம் பெருமைக்குரியனவே, நாம் மறுத்தோமில்லை.

இப்பெருமைக்குப் பணம் தருவார் யார்? கல்வியமைச்சர் அவினாசிலிங்கனார் காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியா விடுதலை பெற்றபின் பொது நூலகங்களுக்கென எழுந்த முதற்சட்டம் அதுவே. சொத்துவரியொடு நூலகவரியும் சேர்த்துத் திரட்ட அது வழி செய்தது. தொடக்கத்தில் வரி உருபா ஒன்றுக்கு 6 தம்பிடி. பின்னர் அது 10 காசாக வளர்ந்தது. சென்னையில் வீடுடையார் ஒவ்வொருவரும் ஆறு திங்களுக்கொருமுறை இவ்வரியை இறுக்கின்றனர். வாடகைக்குக் குடியிருப்பார் வாடகையின் வழியே இறுக்கின்றனர். எனவே, நூலகம் அரசின் கொடையன்று. எந்தக் கட்சியின் அன்பளிப்புமன்று. நம் பணத்தில் நாம் எடுத்த வீடு அது. அவ் வீட்டில் நம் தாய் எங்கே அமர்த்தப்பட்டிருக்கின்றாள்?

நூலடுக்கின் முன் நின்று நூல்களின் முதுகிலுள்ள எண்ணைப் படியுங்கள். நம் நூலகங்கள் கைக்கொள்ளும் பகுப்புமுறை, 1876-இல் அமெரிக்கராகிய மெல்வில் தூயி வகுத்தது. அதில் இலக்கியத்துக்கு 800 முதல் 899 வரை நூறு எண்கள். அமெரிக்க இலக்கியம் 810, ஆங்கிலம் 820, செருமானியம் 830, பிரெஞ்சு 840, இத்தாலியம் 850, இசுப்பானியம் 860, இலத்தீன் 870, கிரேக்கம் 880. உலகின் எஞ்சிய மொழிகள் அனைத்துக்கும் ஒரே மூலை 890. அம்மூலையிலும் சமற்கிருதத்துக்கு 891.2 எனும் முன்னிடம். துருக்கியம், அங்கேரியம், பின்னியம் ஆகிய மொழிகளொடு ஒருசேர அடைக்கப்பட்டு, புள்ளிக்குப் பின்னும் மூன்றெண் தாண்டி நிற்கின்றது 894.811. அதுதான் தமிழ்! ஆங்கிலத்துக்குப் பத்து முழு எண்கள். ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழிக்குப் புள்ளிக்குப் பின்னொரு திண்ணை!

அமெரிக்கர் தம் நாட்டுக்கு வகுத்த முறையில் தம் மொழியை முன்வைத்தனர். அது அவர்க்கு இயல்பு. அவரை நாம் குறைகூறவில்லை. அதனை எழுத்துப் பிசகாமல் தமிழ்நாட்டுத் தலைநகரில் ஒட்டிவைத்தாரே, அவரைத்தான் கேட்கின்றோம். "எண்ணில் என்ன இருக்கிறது?" என்பர் சிலர். எண்ணே இடத்தை வரையறுக்கின்றது; இடமே முதன்மையை உணர்த்துகின்றது. நாடோறும் அடுக்குகளிடையே நடக்கும் இளைஞன், எது நடு, எது ஓரம் என்பதைச் சொல்லாமலே கற்றுக்கொள்கின்றான். "உலகமுறையை நாம் மாற்றலாகுமோ?" என்பர் வேறு சிலர். அம்முறையே அதற்கு வாயில் திறந்து வைத்திருக்கின்றது. ஒரு நாட்டார் தம் மொழியிலக்கியத்துக்கு முதன்மையளிக்க விரும்பின், அதனை 810-இல் வைத்துக்கொள்ளலாம் என்று தூயி முறையே இசைவளிக்கின்றது. கதவு திறந்திருந்தும் உள்ளே நுழைய நாம் துணியவில்லை!

இன்னொரு செய்தி கேளுங்கள். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி அரங்கநாதன், 1933-இல் நூலகத்துறையார் 'கோலன்' என வழங்கும் முக்காற்புள்ளிப் பகுப்புமுறையை வெளியிட்டார். அவர் நம் இயக்கத்தாரல்லர். ஆயினும் உண்மையை உரைத்தல் நம் கடன். அவர் முறையில் ஆரியம் உள்ளிட்ட இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் 1, செமித்தியம் 2, திரவிடக் குடும்பம் 3. அத் திரவிடக் குடும்பத்தில் தமிழ் 31, முதலிடம்! எம்மொழியின் வாலாகவுமன்றித் தனிக்குடும்பத்தின் தலையாகத் தமிழை நிறுத்திய பகுப்புமுறை இதே சென்னையில் பிறந்தது. அதை விட்டுக் கடல்கடந்த முறையின் மூலையில் தமிழை முடக்கினோம். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு அயலான் விளக்கில் எண்ணெய் வார்க்கும் அறிவுடைமை இது!

நூலகத்தை இழத்தல் எத்தகைய துயர் என்பதைத் தமிழினம் அறியாததன்று. பாவாணர் மறைந்த அதே 1981-இல், மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் சிங்கள வெறியர் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்நூலகம் அமைய அறிவுரை தந்தவருள் அரங்கநாதனும் ஒருவர். கட்டட வரைவு சென்னைக் கலைஞர் நரசிம்மனுடையது. அத்தீயைக் கேட்டு இங்கே நெஞ்சு வெடிக்க அழுதோம். ஆனால், தீயொன்றே நூலகத்தை அழிக்குமோ? 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, 2011 நவம்பரில் குழந்தை மருத்துவமனையாக்கப் போவதாகத் தமிழ்நாட்டு அரசே அறிவித்ததே! மக்கள் வழக்கு மன்றம் ஏறித் தடையாணை பெற்றிராவிடின், அந்நூலகம் அன்றே இடம்பெயர்ந்திருக்கும். பகைவன் வைத்த தீ ஓரிரவில் எரித்தது. நம் பொறுப்பின்மையோ புகையில்லாமல் நாள்தோறும் எரிக்கின்றது.

எனவே, தமிழன்பர்களே, கேட்க வேண்டுவன மூன்று. திரட்டும் நூலகவரி ஒரு காசும் நிலுவையின்றி உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவைச் சேர வேண்டும். தமிழ்நாட்டுப் பொது நூலகம் ஒவ்வொன்றிலும் தமிழிலக்கியம் முதலெண்ணும் முதலடுக்கும் பெற வேண்டும். பேருந்து நிறுத்தம் முதல் அழைப்பிதழ் வரை, அண்ணா சாலை நூலகம் பாவாணர் பெயராலேயே வழங்க வேண்டும். முதலிரண்டும் அரசு செய்ய வேண்டியவை, கேட்டுக்கொண்டே இருப்போம். மூன்றாவதற்கு அரசாணை எதற்கு? நம் நா போதும்! இன்று முதல் அம்மூன்றெழுத்தை ஒருமுறையும் சொல்லோம் என்று உறுதி கொள்ளுங்கள். நண்பர் சொன்னால் திருத்துங்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள். முகவரி கேட்பார்க்கு, "பாவாணர் நூலகம்" என்றே விடை கூறுங்கள்.

வரி கொடுத்தவன் வாயிலில் நிற்பதோ? எழுக! உள்ளே சென்று தமிழைத் தலையிருக்கையில் அமர்த்துக!