ஆர் செய்த பாவமோ

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு எனக்குக் கொஞ்சம் கஷ்டமான ஞாயிறு. ஃபாதர் ஊதா உடையை விட்டு றோஸ் நிற உடையில் வரலாம், பீடத்தில் பூ வைக்கலாம், நாற்பது நாளில் பாதி தாண்டிவிட்டது என்று கொஞ்சம் மூச்சு விடலாம். அதெல்லாம் நல்லம்தான். மூன்று ஆண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டு வரும்போது அன்றைக்கு வாசிப்பது யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரம்: பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவருக்கு இயேசு பார்வை கொடுக்கும் கதை. வாசகம் முடிந்து எல்லாரும் இருந்ததும் பிரசங்கம் தொடங்கும். நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவற்றில் ஐந்து நிமிடத்துக்குள் 'ஆன்மீகக் குருடர்' வந்துவிடுவார்கள். பூசைக்கு வராதவன் குருடன். குடிக்கிறவன் குருடன். போனை நோண்டிக்கொண்டிருக்கிற இளையோர் எல்லாரும் ஒட்டுமொத்தமாகக் குருடர்.

ஒளி, இருள், பார்வை என்ற மொழி இல்லாமல் தவக்காலம் இல்லை. அதை விடச்சொல்லி நான் எழுதவில்லை. தவக்காலம் உருவானதே பெருமளவுக்கு ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்காகத்தான். ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கு இருந்த பெயர்களில் ஒன்று 'ஒளியூட்டல்'. இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன் அந்தப் பெயரைச் சொல்லி விளக்கம் எழுதியிருக்கிறார். மூன்றாம் ஞாயிறு சமாரியப் பெண், நான்காம் ஞாயிறு பார்வையற்றவர், ஐந்தாம் ஞாயிறு லாசர் என்ற ஒழுங்கும் பெரிய சனி இரவு தண்ணீருக்குள் இறங்கப்போகிறவர்களுக்காக வந்ததுதான். ஆகவே அந்த ஒளி, தன் மேல் விழட்டும் என்று ஒருவர் கேட்டு வாங்குகிற ஒளி. நாங்களோ அதை ரோர்ச் லைட் மாதிரி மற்றவன்ர முகத்துக்கு அடிக்கிறம். என்ர பிரச்சினை அதுதான்.

எங்கட பட்ச்சில் பிறவியிலேயே பார்வை இல்லாத நண்பன் ஒருவன் இருக்கிறான். கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்கு இது புதுமை இல்லை. அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களிலும் விழிப்புலனற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். நோட்ஸை போன் வாசிக்க அவன் கேட்பான். அந்த வேகத்துக்கு எங்கட காது பிடிக்காது. அவனும் கத்தோலிக்கன், ஞாயிறு பூசை தவறவிடாதவன். கோயில் வாசலில் ஒரு அன்ரி அவன்ர தலையைத் தடவி, "ஆர் செய்த பாவமோ, இந்தப் பிள்ளைக்கு இப்பிடி" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவவுக்கு அவனில் உண்மையாகவே இரக்கம். அரைமணித்தியாலத்துக்கு முதல் அதே கோயிலுக்குள் இருந்து அவவும் யோவான் 9ஐக் கேட்டுவிட்டுத்தான் வந்தவ.

இயேசுவிடம் சீடர்கள் கேட்கிற முதல் கேள்வி அச்சொட்டாக இதுதான். இவன் இப்படிப் பிறந்ததற்கு யார் பாவம் செய்தது, இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. கதையின் மூன்றாவது வசனத்திலேயே அந்தக் கேள்வி தள்ளுபடியாகிவிட்டது. ஆனாலும் எங்கட ஊரில் அது சாகவில்லை. கர்மம், முற்பிறப்பு என்று நம்பாத கிறிஸ்தவ வீடுகளில்கூட 'பரம்பரைச் சாபம்' என்ற பேரில் அது உயிரோடு இருக்கு. வன்னியில் ஷெல் பட்டுக் கண் போனவர்கள் எத்தனையோ பேர் இருக்கினம். அவர்களைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்கிற ஆட்கள் உண்டு. அந்த இடத்தில் 'ஆர் செய்தது' என்ற கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருக்கு. அந்த அர்த்தத்தில் மட்டும் கோயிலில் ஒருத்தரும் அதைக் கேட்பதில்லை.

அந்த அதிகாரத்தை ஒருதரம் முழுசாக வாசித்துப் பாருங்கள். நீளம் என்று சில பங்குகளில் சுருக்கி வாசிக்கிறவை. அந்தச் சுருக்கத்தில் முக்கியமான பகுதி போய்விடும். மொத்தம் 41 வசனங்கள். குணமாக்குவது ஏழாவது வசனத்தோடு முடிஞ்சுது. உமிழ்நீரில் சேறு, சீலோவாம் குளம், கழுவினார், பார்வையோடு வந்தார், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் விசாரணை. அயலவர்கள் விசாரிக்கிறார்கள், பரிசேயர்கள் விசாரிக்கிறார்கள், தாய் தகப்பனைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், திரும்பவும் அவரையே விசாரிக்கிறார்கள். இவ்வளவு நேரமும் இயேசு அந்த இடத்தில் இல்லை. எட்டாம் வசனத்தில் இருந்து முப்பத்துநாலாம் வசனம் வரைக்கும் அந்த மனுசன் தனியாகத்தான் நின்று பதில் சொல்கிறார்.

பெற்றோர் வருகிற இடம் எனக்கு மனதைப் பிசைகிற இடம். இவன் எங்கள் மகன்தான், இப்படித்தான் பிறந்தான், ஆனால் இப்போது எப்படிப் பார்க்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது, அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள் என்று கழன்றுவிடுகிறார்கள். தொழுகைக்கூடத்தில் இருந்து தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற பயம். யார் வந்து எதைக் கேட்டாலும் 'எங்களுக்கு ஒண்டும் தெரியாது ஐயா' என்று சொல்லிப் பிள்ளையை உயிரோடு வளர்த்த தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். அந்தத் தாய் தகப்பனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. கண்டதைக் கண்டேன் என்று சொல்வதற்கு ஒரு விலை இருக்கு. 'கண்களைத் திறந்தருளும்' என்று மன்றாடும்போது கேட்கிற பொருளின் விலை அதுதான். பிரசங்கங்களில் இந்தப் பகுதி வருகிறதே இல்லை.

கடைசியில் பரிசேயர்கள் அவரை வெளியே தள்ளுகிறார்கள். தள்ளும்போது சொல்வதைக் கவனிக்கவேணும்: பாவத்திலேயே பிறந்த நீ எங்களுக்குப் படிப்பிக்கிறியா என்று கேட்கிறார்கள். மூன்றாம் வசனத்தில் இயேசு தள்ளுபடி செய்த அதே தீர்ப்பை அதிகாரத்தில் இருப்பவர்கள் முப்பத்துநாலாம் வசனத்தில் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அதற்குப் பிறகு இயேசு சொல்கிறது இன்னும் காரம்: பார்வை இல்லாமல் இருந்திருந்தால் உங்களில் பாவம் இல்லை, நாங்கள் பார்க்கிறோம் என்று சொல்கிறீர்களே, அதனால்தான் உங்கள் பாவம் நிலைக்கிறது. ஆக இந்தக் கதையில் பாவத்தையும் பார்வையின்மையையும் ஒன்றாக்குகிறவர்கள்தான் குற்றவாளிகள். அதே கதையை வைத்துக்கொண்டு நாங்கள் ஆட்களுக்குக் குருடர் பட்டம் கொடுக்கிறம்.

கதையில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்றும் இருக்கு. கடவுளின் செயல்கள் இவரில் வெளிப்படும்படியே இப்படி நடந்தது என்று இயேசு சொல்வதாக வருகிறது. ஒரு மனுசன் ஒருநாள் புதுமைக்காகவா இவ்வளவு காலமும் பிச்சை எடுத்தது? பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இன்றைக்குப் போல நிறுத்தக்குறிகள் இல்லை. வசனத்தை வேறு இடத்தில் முறித்தால், 'கடவுளின் செயல்கள் வெளிப்படவேண்டும் என்பதற்காக நாம் இப்போது வேலை செய்யவேண்டும்' என்ற கருத்து வரும் என்று சொல்கிற விவிலிய அறிஞர்கள் உண்டு. எனக்கு அந்த வாசிப்புப் பிடிக்கும், ஆனால் பிடிக்கும் என்பதற்காக அதுதான் சரி என்று சொல்லமாட்டன். நண்பனுக்கு இதைவிட வேறொரு விசயத்தில் கோபம். முன்பின் தெரியாத ஆட்கள் பஸ்சுக்குள் அவன்ர கண்ணில் கைவைத்துச் செபிக்கத் தொடங்குவினமாம். "நான் கேட்டனானா?" என்பான். மாற்கு 10இல் பர்த்திமேயுவிடம் இயேசுவே முதலில் உனக்கு என்ன வேணும் என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தைச் செய்கிறார். கண் தெரியாத ஒருவனுக்கு என்ன தேவை என்பது கடவுளுக்கே கேட்டறியவேண்டிய விசயமாக இருந்தால் பஸ்சில் பக்கத்து சீற்றில் இருக்கிறவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

குருடர் பட்டத்தைத் தொடங்கினது எங்கட ஊர்ப் பிரசங்கம் இல்லை. ஐரோப்பாவில் ஸ்ராஸ்பூர்க் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இரண்டு பெண் சிலைகள் உண்டு. ஒன்று திருச்சபை: முடியும் சிலுவையுமாக நிமிர்ந்து நிற்கும். மற்றது யூத மதம்: கண்ணைத் துணியால் கட்டியிருக்கும், கையில் முறிந்த ஈட்டி. கல்லில் வடித்ததே வழிபாட்டிலும் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டில் யூதர்களைக் குறிக்க ஒரு கடுமையான அடைமொழி இருந்தது. அவர்களுடைய இதயத் திரை விலகட்டும், குருட்டுத்தனமும் இருளும் நீங்கட்டும் என்று நூற்றாண்டுக்கணக்காகக் கேட்டார்கள். அதே பெரிய கிழமையில் யூதக் குடியிருப்புகள் தாக்கப்பட்ட வரலாறு ஐரோப்பாவில் உண்டு. 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அந்த அடைமொழியை எடுத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது, குருடு என்ற பேச்சு போய்விட்டது. இன்றைக்கு நாங்கள் பெரிய வெள்ளியில் முழந்தாளிட்டுக் கேட்பது அந்தத் திருத்திய மன்றாட்டைத்தான். ஒரு உருவகத்தால் இவ்வளவு செய்ய ஏலுமா என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நான் வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஜோன் நியூற்றனையும் சொல்லவேணும். 'அமேசிங் கிரேஸ்' பாட்டைத் தெரியாத பாடகர் குழு இல்லை. பார்வை கிடைத்ததைக் கொண்டாடும் அந்தப் பாட்டை அவர் 1773 புதுவருடத்துக்காக எழுதினார். அவருடைய மனமாற்றம் 1748இல், கடல் புயலில். அதற்குப் பிறகும் 1754 வரைக்கும் அடிமைக் கப்பல் தொழிலில்தான் இருந்தார். அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் பகிரங்கமாக எழுதினது 1788இல். கண் திறந்துவிட்டது என்று எழுதிப் பதினைந்து வருசம் போய்த்தான் தன்னுடைய கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களைப் பற்றி வாய் திறந்தார். எனக்கு அந்தப் பாட்டு இதனால் குறையவில்லை. பார்வை என்பது ஒரே இரவில் வந்து முடிகிற விசயம் இல்லை என்றுதான் விளங்குது.

சரி, தவக்காலத்துக்கு வருவம். எங்கட வழிபாட்டு மரபு இந்தப் பிரசங்கங்களைவிடக் கெட்டித்தனமானது என்பது என்ர அபிப்பிராயம். ஐந்தாம் ஞாயிறில் இருந்து சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிற வழக்கம் பல கோயில்களில் இன்னும் இருக்கு. வருசம் முழுக்கக் கும்பிட்ட அந்தோனியார் முகம் இல்லாமல் ஒரு துணிப் பொட்டலமாக நிற்பார். கண்ணால் பிடித்துவைத்திருந்த பக்தியைத் திருச்சபையே கொஞ்ச நாளைக்குப் பறிக்குது. அதே நாட்களில் காதுக்கு வேலை கூடும். யாகோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் எழுதின வியாகுலப் பிரசங்கத்தை இழுத்து இழுத்துப் பாடுவதை மன்னார், யாழ்ப்பாணப் பக்கக் கோயில்களில் கேட்டிருப்பீர்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற அம்மாமாரைப் பாருங்கள், அவைக்கு ஒரு படமும் தேவையில்லை.

பெரிய சனி இரவு இன்னும் ஒரு படி மேல். கோயில் முழுக்க லைற் நூத்து, வெளியில் தீ மூட்டி, ஒரே ஒரு திரியோடு உள்ளே வருகிறம். பாஸ்காத் திரியில் சிலுவையும் அகரமும் னகரமும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் கீறப்படும். (கீறினால் விரலால் தொட்டு வாசிக்கலாம். ஸ்ரிக்கர் ஒட்டினால் ஏலாது. இப்போது எங்கேயும் ஸ்ரிக்கர்தான்.) அந்த இரவைப் பற்றி நண்பன் சொன்னது: "லைற் நூத்த உடன நீங்கள் எல்லாரும் கதைக்கிறதை நிப்பாட்டுறியள். வருசத்தில அண்டைக்கு மட்டும்தான் கோயில் முழுக்க என்னை மாதிரி நிக்குது." இதை அவன் சோகமாகச் சொல்லவில்லை, பகிடியாகத்தான் சொன்னவன்.

செய்யக்கூடியவை அவ்வளவு கஷ்டம் இல்லை. 'குருடர்' என்ற சொல் வேண்டாம் என்றால் 'பார்க்க மறுக்கிறவர்கள்' என்று சொல்லலாம். யோவான் 9 சொல்வதற்கு அதுதான் கிட்ட. சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் இலக்கத்தைச் சொல்லிவிட்டு அடுத்த செபத்துக்கு ஓடாமல், படத்தில் என்ன இருக்கு என்று இரண்டு வசனம் விவரிக்கலாம். கண் தெரிந்தவர்களிலும் பின் வாங்கில் இருக்கிற பாதிப்பேருக்கு அந்தப் படங்கள் தெரிவதில்லை. வாசகங்களை முதல் நாளே ஒருவர் போனில் வாசித்து வட்ஸ்அப்பில் போட்டுவிடலாம்.

முக்கியமானது வாசகர் பட்டியல். இந்த நாட்டில் 1912இல் இரத்மலானையில் விழிப்புலனற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்கும் பாடசாலை தொடங்கினது மேரி சப்மன் என்ற மிஷனரி. பிரெயில் எழுத்தைக் கொடுத்த லூயி பிரெயிலே பாரிசில் தேவாலயங்களில் ஓர்கன் வாசித்தவர். அப்படியிருக்க, வாசக மேடையில் ஒருவர் பிரெயிலில் வாசித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெரிய சனி இரவு மொத்தம் ஒன்பது வாசகங்கள். பல கோயில்களில் உன்னதங்களிலே பாடும் வரைக்கும் லைற் போடமாட்டார்கள்; பழைய ஏற்பாட்டு வாசகங்களை வாசிக்கிறவர்கள் போன் வெளிச்சத்தில் தடுமாறித் தடுமாறி வாசிப்பார்கள். எங்கட பங்கில் இருட்டில் தடுமாறாமல் வாசிக்கக்கூடிய ஆள் ஒருவன் இருக்கிறான். விடுதலைப் பயணம் 14ஐப் பிரெயிலில் எடுத்துத் தரலாமா என்று கேட்டதுக்கு, ரெண்டு கிழமை தந்தால் தானே குத்தி எடுப்பன் என்றவன். வழிபாட்டுக் குழு குருத்து ஞாயிறுக்கு முதல் பட்டியலை முடிக்கும். இந்தக் கிழமையே போய்க் கேட்கவேணும்.