காலியாகத் திரும்பிய விண்கலம் சொல்லும் பாடம்

சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2025 மார்ச் மாதம் பூமிக்குத் திரும்பினார்கள். ஏறத்தாழ எட்டு நாள் பயணம் என்று சொல்லிச் சென்றவர்கள் 286 நாட்கள் விண்வெளியில் இருக்க நேர்ந்தது. அரசியல் காரணத்துக்காக அவர்கள் கைவிடப்பட்டார்கள் என்று அமெரிக்க அதிபர் ட்ரம்ப் குற்றம் சாட்டினார். ஒரு பழுதைக்கூட நாசாவால் சரிசெய்ய முடியவில்லையா என்ற கேலியும் எழுந்தது. இந்தத் தாமதம் ஏன் ஏற்பட்டது என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விண்வெளிப் பயணத்தில் ஆபத்து மிகுந்த கட்டங்கள் இரண்டு: புறப்பாடும், திரும்பி வருதலும். புறப்படும்போது டன் கணக்கான எரிபொருளின் மேல் மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள். திரும்பும்போதோ, மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தைப் பெரும்பாலும் வளிமண்டலக் காற்றைக் கொண்டே குறைக்க வேண்டும். கலத்தின் முன்னால் காற்று இறுகிக் கொதிக்கிறது. கலத்தின் வெளிப்பரப்பு 1,600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது. வெப்பக் கவசத்தில் சிறு ஓட்டை விழுந்தாலும் தப்புவது கடினம்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 நொடிகளில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடும் குளிரில் இறுகிப்போனதால், எரியும் வாயு வெளியே கசிந்ததே காரணம். அந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்திருந்தார்கள்.

2003இல் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியாவுக்கும் இதே கதிதான். ஏவிய சுமார் 82 நொடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையைத் தாக்கியது. அதன் எடை ஒரு கிலோகூட இல்லை. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், மேலாளர்கள் ஏற்கவில்லை. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சுமார் 16 நிமிடங்களே இருந்தபோது, ஓட்டை வழியாகப் புகுந்த வெப்பக் காற்று இறக்கையை உருக்கியது. டெக்சாஸ் வானில் கலம் உடைந்தது. ஏழு பேரும் மாண்டார்கள்.

இரண்டு விபத்துகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ரப்பர் வளையங்கள் அதற்கு முந்தைய பயணங்களிலும் அரிக்கப்பட்டிருந்தன. நுரையும் முன்பே பலமுறை பெயர்ந்து விழுந்திருந்தது. 'முன்பும் இப்படித்தான் நடந்தது, ஒன்றும் ஆகவில்லையே' என்ற எண்ணம் எச்சரிக்கையை விழுங்கிவிட்டது. நுரையைப் போலவே நாசாவின் நிர்வாகப் போக்கும் விபத்துக்குக் காரணம் என்று கொலம்பியா விசாரணைக் குழு வெளிப்படையாகவே எழுதியது.

2024இல் ஸ்டார்லைனர் விண்கலத்தில் ஹீலியம் கசிந்தது. விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது, கலத்தைத் திருப்பும் சிறு உந்துவிசை இயந்திரங்களில் ஐந்து செயலிழந்தன. அவற்றில் நான்கு மீண்டும் இயங்கின. ஆனாலும் திரும்பும் வழியில் அவை கைவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லை. தன் கலம் பாதுகாப்பானது என்றது போயிங். நாசா அதை ஏற்காமல் கலத்தைக் காலியாகத் திருப்பியனுப்பியது. அந்த முடிவை அறிவித்தபோது, நாசாவின் அப்போதைய தலைவர் பில் நெல்சன் இழந்துபோன இரு விண்வெளி ஓடங்களையும் நினைவுகூர்ந்தார். அடுத்துச் சென்ற டிராகன் கலம், இருவருக்காக இரண்டு இருக்கைகளைக் காலியாக வைத்துக்கொண்டே கிளம்பியது.

ஸ்டார்லைனர் பத்திரமாகத் தரையிறங்கியது. 'அப்படியானால் அதிலேயே வந்திருக்கலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. முடிவெடுத்த நாளில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் அந்த முடிவைச் சரியா தவறா என்று சொல்ல முடியும். பத்திரமாக வந்ததையே சான்றாகக் கொண்டால், சேலஞ்சருக்கும் கொலம்பியாவுக்கும் முன்பிருந்த அதே மனநிலைக்குத்தான் திரும்புவோம்.

இது நமக்கும் தொடர்புடைய செய்தி. இந்தியா ககன்யான் திட்டத்தில் மனிதர்களை விண்ணுக்கு அனுப்ப ஆயத்தமாகி வருகிறது. 2023 அக்டோபர் 21 அன்று, வீரர்கள் தப்பிக்கும் அமைப்பைச் சோதிக்க ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தயாராக நின்றது. கிளம்ப ஐந்து நொடிகள் இருக்கையில் கணினி அதை நிறுத்தியது. இஸ்ரோ காரணத்தைக் கண்டறிந்து, அன்றே சோதனையை வெற்றிகரமாக முடித்தது. நாளை வீரர்கள் அமர்ந்திருக்கும்போதும் இப்படி ஒரு நிறுத்தம் வரலாம், மாதக்கணக்கில் தாமதமும் ஆகலாம். அப்போது அவசரப்படுத்தும் கூட்டத்தில் நாம் சேராமல் இருப்போம்.