அவர் வந்தால் ஒரு டிக்கெட், நாங்கள் போனால் மூணு டிக்கெட்டா?



வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கம் என்றால் சித்தன்னவாசல் ஓவியம்தான் ஞாபகம் வரும். அன்னவாசலில் இருக்கிற எங்களுக்கோ சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்றுதான் ஞாபகம். தெருவுக்கு நாலு வீட்டில் ஆண்பிள்ளைகள் அங்கேதான் சம்பாதிக்கிறார்கள். முழுப்பரீட்சை நெருங்கினால் அந்த வீடுகளில் ஒரே பேச்சு: "லீவுக்கு அவர் வர்றாரா, நீங்க போறீங்களா?" உடனே பதிலும் தயாராக இருக்கும். "அவன் வந்தா ஒரு டிக்கெட்டு. நீங்க போனா மூணு டிக்கெட்டு. அதுக்கா காசைக் கொட்டணும்?"

இந்தக் கணக்கு தப்பு என்பதுதான் என் கருத்து.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிற தொழிலாளி, மனைவி பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள அங்குள்ள சட்டம் அனுமதிப்பதில்லை. அதற்கு மேல்பட்ட பாஸ் இருந்தாலும் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருந்தால்தான் குடும்பத்துக்குப் பாஸ் கேட்கலாம். எங்கள் ஊரில் அந்தச் சம்பளம் வாங்குகிறவர் எத்தனை பேர்? ஆக, சுற்றுலா விசாவில் சில நாள் போய்ப் பார்ப்பதுதான் எங்களுக்கு உள்ள ஒரே வழி. இதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

சரி, கணக்குக்கு வருவோம். அவர் ஊருக்கு வந்தால் டிக்கெட் ஒன்றுதான். ஆனால் சம்பளமில்லாத விடுப்பு எத்தனை நாள்? அண்ணன் வீட்டுக்கு, நாத்தனார் வீட்டுக்கு, பங்காளி வீட்டுக்கு என்று சோப்பு, தைலம், சாக்லேட், செல்போன் வாங்கி நிரப்பும் பெட்டிக்கு என்ன விலை? வந்து இறங்கியதும் கல்யாண மொய், காதுகுத்து, கோயில் செலவு. இதையெல்லாம் நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள் சகோதரிகளே, மூணு டிக்கெட் பெரிசா, அந்த ஒத்தை டிக்கெட் பெரிசா என்று தெரியும். நாங்கள் போனால் அவருக்குச் சம்பளம் நிற்காது. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளோடு இருப்பார். அப்பா எந்த வெயிலில் நின்று இந்தப் பணத்தை அனுப்புகிறார் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். அதற்கு விலை போட முடியுமா?

2025 மே மாதம் நானும் ஏழாவது முடித்த மகளும் மூணாவது முடித்த மகனும் போய் வந்தோம். ஒன்றுவிட்ட அக்கா வீடு அங்கே இருந்ததால் தங்கும் செலவு இல்லை. டிக்கெட்டுக்காக ஜனவரியிலிருந்தே நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை மற்ற சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

விமான டிக்கெட்டுக்கு பஸ் டிக்கெட் மாதிரி ஒரே விலை கிடையாது. குறைந்த விலையில் கொஞ்சம் சீட்டு, அது தீர்ந்தால் அடுத்த விலை, அதுவும் தீர்ந்தால் அதற்கும் மேலே என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் விலை ஏறத்தான் செய்யும். ஆகவே நாள் குறிப்பதில்தான் மிச்சம் பிடிக்க முடியும்.

நம் பள்ளிக்கூட லீவை மட்டும் பார்த்தால் போதாது, அங்குள்ள லீவையும் பார்க்கணும். சிங்கப்பூர் பள்ளிகளுக்கு 2025-ல் மே 31 முதல் ஜூன் 29 வரை லீவு. அந்த சமயம் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும். நம் பள்ளிகள் ஜூன் 2-ல் திறந்தன. அதற்காக நாம் மே கடைசியில் திரும்பினால், அவர்களும் நாமும் ஒரே விமானத்துக்கு முட்டி மோதணும். அதனால் நாங்கள் மே முதல் வாரம் போய், இரண்டாம் பாதி தொடங்கும்போதே திரும்பி விட்டோம். புறப்பாடும் வருகையும் செவ்வாய், புதன் என்று வைத்துக்கொண்டோம். வெள்ளி, சனி, ஞாயிறைவிட அந்த நாட்களில் விலை குறைவாக இருந்தது.

மூணு பேருக்குச் சேர்த்துக் கேட்கும் முன்பு ஒருவருக்கு மட்டும் என்ன விலை என்று பார்க்கணும். உதாரணத்துக்கு, 9 ஆயிரம் விலையில் இரண்டு சீட்டுதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மூணு கேட்டால் கம்ப்யூட்டர் மூணுக்கும் 12 ஆயிரம் என்று காட்டக்கூடும். பெரியவர் ஒருவரோடு பிள்ளை ஒன்று என்று இரண்டு சீட்டை முதலில் எடுத்து, இன்னொன்றைத் தனியாக எடுக்க முடியுமா என்று பார்க்கலாம். ஆனால் சின்னப் பிள்ளையைத் தனி டிக்கெட்டில் விடக்கூடாது. கைக்குழந்தை உள்ளவர்கள் இதையும் கவனியுங்கள்: இரண்டு வயது முடியாத குழந்தைக்கு மடி டிக்கெட் போதும். திரும்பி வரும் நாளிலும் இரண்டு முடிந்திருக்கக் கூடாது. முடிந்துவிட்டால் தனி சீட்டு எடுக்கணும்.

மலிவு விமானத்தில் காட்டுகிற விலை வெறும் சீட்டுக்கு மட்டும் இருக்கலாம். பெட்டி, சாப்பாடு, ஜன்னல் ஓரம், பணம் கட்டும் கட்டணம் எல்லாம் தனி. நான் பார்த்த அந்தக் கோடையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மூன்றும் போயின. மூன்றிலும் பெட்டியோடு சேர்த்து மொத்த விலையை எழுதி வைத்துத்தான் ஒப்பிட்டேன். முதலில் மலிவாகத் தெரிந்தது கடைசியில் மலிவாக இல்லை! பெட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிடணும். விமான நிலையத்தில் கட்டினால் கூடுதல்.

சென்னையில் விலை குறைவு என்பார்கள். குறைவாக இருந்தாலும் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு மூணு பேர் போக வர ஆகும் செலவையும், பிள்ளைகளோடு ராத்திரிப் பயணத்தையும் சேர்த்துப் பாருங்கள். திருச்சி விமான நிலையம் எங்களுக்குப் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது.

பக்கத்து டவுனில் ஒரு ஏஜென்ட், "இன்னிக்குக் கட்டலைன்னா நாளைக்கு ரெண்டு மடங்கும்மா" என்று என்னைப் பயமுறுத்தினார். மறுநாள் பார்த்தேன், அதே விலைதான். எல்லா ஏஜென்ட்டும் அப்படி இல்லை. கார்டு இல்லாதவர்களுக்கு அவர்கள்தான் உதவி. ஆனால் விமானக் கம்பெனி விலை எவ்வளவு, வரி எவ்வளவு, உங்கள் கமிஷன் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்வது நம் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள். சிங்கப்பூர் போகும் முன் மூணு நாளுக்குள் கம்ப்யூட்டரில் நிரப்பும் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. அதற்கும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விசா வருமுன் டிக்கெட் எடுப்பதில் பயம் இருக்கத்தான் செய்யும். அதனால் தேதி மாற்ற என்ன கட்டணம் என்று முதலிலேயே பார்க்கணும். போக முடியாமல் ரத்து செய்தாலும், பணம் திரும்பாது என்று போட்ட டிக்கெட்டாக இருந்தாலும், வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தரணும் என்று நம் நாட்டு விமானக் கம்பெனிகளுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி போட்டிருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததால் அந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்கள் உண்டு. பிறகு சென்னையிலிருந்து போன எம்.வி. சிதம்பரம் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் நின்று போனது. இன்று ஆகாயத்தை விட்டால் வேறு வழியில்லை. திருச்சியில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 2024 ஜனவரி 2-ல் பிரதமர் திறந்து வைத்த புது முனையம் பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. கட்டிடம் பெரிசாச்சு, சீசன் டிக்கெட் மட்டும் சின்னதாகலை! கொரோனா சமயத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டு விமானங்களுக்கு இதற்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அப்போது முடிந்தது, தொழிலாளி குடும்பங்கள் போய் வரும் தடங்களில் கோடை இரண்டு மாதத்துக்கு ஏன் முடியாது?

அதுவரை நம் வேலையை நாம் பார்ப்போம். பெரும்பாலான வீடுகளில் தேதியை அங்கே இருப்பவர் சொல்வார், டிக்கெட்டை ஏஜென்ட் போடுவார், பெண்கள் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டுவதோடு சரி. பிள்ளைகளின் பரீட்சை என்றைக்கு முடியும், யார் வீட்டு விசேஷம் எப்போது, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் நமக்குத்தானே தெரியும்? அப்படியானால் நாள் குறிக்க வேண்டியதும் நாம்தான். பொங்கல் முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பியுங்கள். சீட்டுப் போட்டுப் பணம் சேர்க்கத் தெரிந்த நமக்கு, விமானத்தில் சீட்டுப் பிடிக்கத் தெரியாமல் போகுமா என்ன?

— ஒரு வாசகி, அன்னவாசல், புதுக்கோட்டை மாவட்டம்.