கூலியைக் கழிப்பவர் காரணம் சொல்லட்டும்

நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரு புதுவகைக் கூலி வேலை செய்கிறார்கள். இணையப் பக்கம் ஒன்று திரையில் வரும். அது கடையா, செய்தியா, சூதாட்டமா, ஆபாசமா என்று பார்த்து வகை சொல்ல வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று கூலி. பள்ளிகளிலும் ஆபீசுகளிலும் வேண்டாத பக்கங்களைத் தடுக்கவும், விளம்பரத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்கவும் இந்த உழைப்பு பயன்படுகிறது.

அமேசான் கம்பெனி 2005-இல் 'மெக்கானிக்கல் டர்க்' என்ற பெயரில் இப்படி ஒரு வேலைச் சந்தையைத் திறந்தது. அங்கே உழைத்த 2,676 பேரின் கணக்கை ஆராய்ந்து 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு மணிக்கு 2 டாலர் அளவுகூடக் கிடைக்கவில்லை என்று அது காட்டியது. வேலை தேடிய நேரமும், செய்து முடித்தும் கழிக்கப்பட்ட வேலையும் இந்த வருமானத்தைத் தின்றுவிட்டன.

கழிப்பது ஏன் என்று கேட்டால், "ஏமாற்றைத் தடுக்கிறோம்" என்கிறார்கள். ஏமாற்று இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. பக்கத்தைப் பார்க்காமலே ஒரே பதிலை அழுத்திக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒருவரே நான்கு பெயரில் கணக்கு வைத்திருப்பதும் உண்டு. ஆகவே விடை தெரிந்த சில பக்கங்களை நடுவே கலந்து வைத்துச் சோதிப்பது நியாயமே. அதை நாம் எதிர்க்கவில்லை.

நாம் எதிர்ப்பது வேறு. ஒரே பக்கத்தை மூன்று பேரிடம் கொடுத்து, இருவர் சொன்னது சரி, மூன்றாமவர் சொன்னது தவறு என்று தீர்ப்பளிக்கும் முறை இருக்கிறது. தமிழ்ப் பக்கம் ஒன்று வருகிறது. மேலே கோபுரப் படம். தமிழ் அறியாத இருவர் படத்தைப் பார்த்து 'மதம்' என்கிறார்கள். நம் பெண் வரி வரியாகப் படித்து, அது பூஜைச் சாமான் விற்கும் கடை என்கிறாள். படித்தவளுக்குக் கூலி இல்லை, படிக்காதவர்களுக்குக் கூலி! இப்படி நாலு முறை கழித்தால் அவளுடைய மதிப்பெண் இறங்கும். அடுத்த வேலை அவள் கண்ணுக்கே காட்டப்படாது. அவள் செய்த வேலையோ கொடுத்தவரிடமே தங்கிவிடுகிறது.

நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம் தாய்மார்களுக்கு இது புதுக்கதையல்ல. பீடிக்கடையில் "சரியில்லை" என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. கழித்த பீடியும் திரும்பி வராது. தொழிலாளர் போராடினார்கள். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பீடி கழிப்பது பற்றிய தகராறைத் தீர்க்க வழி வகுத்தது. ரயில்வேயில் எங்களுக்குச் சிறு தண்டனை கொடுப்பதானாலும், 1968-ஆம் ஆண்டு விதிகளின்படி மெமோ கொடுத்து விளக்கம் கேட்டாக வேண்டும். திரைக்கு முன் உழைப்பவருக்கு மட்டும் வாய் கிடையாதா?

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இணையம் வழி உழைப்பவரையும் தொழிலாளர் பட்டியலில் சேர்த்தது நல்லதே. ஆனால் கழித்த கூலியை எங்கே போய்க் கேட்பது என்று அது சொல்லவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை:

கழிக்குமுன் காரணம் சொல்ல வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும்.

பெரும்பான்மை ஒன்றையே சாட்சியாக வைத்துக் கூலியை மறுக்கக் கூடாது. கருத்து வேறுபட்டால், அந்த மொழி அறிந்தவர் பார்த்துத் தீர்க்கட்டும்.

கூலி தராத வேலையைப் பயன்படுத்தக் கூடாது.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கணக்கை இரவல் கொடுக்காதீர்கள், பார்க்காமல் அழுத்தாதீர்கள். ஒருவர் செய்யும் ஏமாற்று, நேர்மையாக உழைக்கும் நூறு பேரின் கூலியைக் கழிக்கச் சாக்காகிறது. கழிக்கப்பட்ட வேலையைத் தேதியோடு நோட்டில் குறித்து, சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தனியாளாகக் கேட்டால் பதில் வராது. கணக்கோடு சேர்ந்து கேட்போம்.