பரிசோதகரின் அறிக்கை யாருக்கு?

2025-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இந்தியப் பார்லிமெண்டு நிறைவேற்றிய அணுசக்திச் சட்டம் இரண்டு பெரிய மாறுதல்களுக்கு வழி செய்திருக்கிறது. சர்க்காரின் ஏகபோகமாக இருந்துவந்த அணுமின் உற்பத்தியில் தனியார் கம்பெனிகளும் லைசென்ஸ் பெற்றுப் புகலாம் என்பது ஒன்று. 1983 முதல் சர்க்கார் உத்தரவு ஒன்றின் பலத்திலேயே நின்றுவந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத்திலேயே இடம் அளிக்கப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றித் தேசத்தில் பலத்த விவாதம் நடந்தது. இரண்டாவதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. ஆனால் கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் சுற்றி வாழும் ஜனங்களுக்கு இரண்டாவதே உயிர்நிலையான விஷயம் என்பது நமது அபிப்பிராயம். உலையை நடத்துகிறவர் சர்க்காராயினும் முதலாளியாயினும், அவரைக் கண்காணிப்பவர் யார், கண்காணித்ததை அவர் யாரிடம் சொல்லுகிறார் என்பதே கேள்வி.

பரிசோதனை என்பது யாது? நிலையத்துக்கு வந்து, உபசாரம் பெற்று, எல்லாம் செம்மையாக இருப்பதாகக் கையெழுத்திட்டுச் செல்வதன்று. அணு உலையை நிறுத்திவிட்ட பிறகும் அதன் எரிபொருளிலிருந்து வெப்பம் வந்துகொண்டேயிருக்கும். அதை இடைவிடாது குளிரச் செய்தாக வேண்டும். ஆகவே வெளி மின்சாரம் நின்றுபோனால் கைகொடுக்க வேண்டிய டீசல் யந்திரங்கள் உரிய காலத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டனவா, வால்வுகளும் குழாய்களும் தவணை தவறாமல் சோதிக்கப்பட்டனவா, ஒவ்வொரு தொழிலாளியும் ஏற்ற கதிர்வீச்சின் அளவு பதிவாகியிருக்கிறதா, சென்ற முறை சுட்டிக் காட்டிய குறை தீர்ந்ததா என்பனவற்றைப் பரிசோதகர் தம் கண்ணால் பார்த்தறிய வேண்டும். புஸ்தகத்தில் எழுதியிருப்பதையும் யந்திரத்தில் இருப்பதையும் ஒப்பிட வேண்டும். தலைமை அதிகாரியை மட்டுமன்றி, இரவு முறைத் தொழிலாளியையும் தனியே விசாரிக்க வேண்டும். பின்னர், கண்டது என்ன, எந்த விதிக்கு மாறானது, எவ்வளவு ஆபத்தானது, எந்தத் தேதிக்குள் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் என்ன நடவடிக்கை என்ற ஐந்தையும் எழுத்தில் வைக்க வேண்டும். கண் பார்த்ததைக் கை எழுத வேண்டும். கை எழுதியதை ஊர் படிக்க வேண்டும். இம்மூன்றில் எது குறைந்தாலும் பரிசோதனை வெறும் சடங்காகிவிடும்.

நம் தேசத்தில் குறைந்துவந்தது பெரும்பாலும் மூன்றாவதே. இதன் வேர் பழையது. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், அணுசக்தி மசோதா அரசியல் நிர்ணய சபையில் சட்ட விவாதத்துக்கு வந்தது. அப்போது எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற அங்கத்தினர் எழுந்து, பிரிட்டிஷ் சட்டம்கூட இரகசியத்தைத் தேசப் பாதுகாப்புக் காரியங்களோடு நிறுத்தியிருக்க, இங்கே சமாதான காரியங்களுக்கான ஆராய்ச்சிக்கும் இரகசியம் ஏன் என்று கேட்டார். இரண்டையும் எவ்வாறு பிரிப்பதென்று தமக்குத் தெரியவில்லை என்ற கருத்தில் பிரதமர் நேரு பதிலளித்தார். அன்று பிரிக்க முடியாமற்போனதை அதன் பின்னும் பிரிக்க மனம் வரவில்லை. 1962-ஆம் வருஷத்துச் சட்டமும் அதே போர்வையைப் போர்த்திக்கொண்டே வந்தது.

அதன் பலன் என்ன? 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவராக இருந்தவர் டாக்டர் ஏ. கோபாலகிருஷ்ணன். அவர் காலத்தில், 1995-ல், நாட்டின் அணுசக்தி ஸ்தாபனங்களிலுள்ள பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்து வாரியம் ஓர் அறிக்கை தயாரித்தது. ஏறக்குறைய 130 விஷயங்கள் அதில் குறிக்கப்பட்டிருந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் முதலியோர் அவ்வறிக்கையை வெளியிட வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போனார்கள். பம்பாய் ஹைக்கோர்ட்டு மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டும் 2004 ஜனவரியில் அம்மறுப்பை உறுதி செய்தது. குறை இருக்கிறதென்று கண்டவர்கள் சர்க்காரின் நிபுணர்கள். அறியக்கூடாதென்று தடுக்கப்பட்டவர்கள் அக்குறையின் பக்கத்தில் குடியிருக்கும் பிரஜைகள். இது நியாயமா?

இன்னொன்றையும் தமிழர் மறக்கலாகாது. 2000-ஆம் வருஷத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்தாபனங்கள் வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டு, அந்நிலையத்தின் சொந்தப் பாதுகாப்புக் கவுன்சிலிடம் ஒப்படைக்கப்பட்டன. வெளியார் பார்த்துவந்த காரியத்தை வீட்டாரே பார்த்துக்கொள்வதாயிற்று. அந்த ஸ்தாபனங்களில் ஒன்று கல்பாக்கத்தில் எரிந்த எரிபொருளை மறு சுத்திகரிப்புச் செய்யும் ஆலை. 2003 ஜனவரி 21-ஆம் தேதி அங்கே ஒரு வால்வு சரியாக மூடாமற்போனதால், கடுமையான கதிர்வீச்சுள்ள கழிவு, குறைந்த வீரியமுள்ள கழிவுத் தொட்டிக்குள் புகுந்துவிட்டது. அதை அறியாமல் மாதிரி எடுக்கப் போனவர்களும் உடனிருந்தவர்களுமாக ஆறு தொழிலாளர்கள் வரம்புக்கு மேற்பட்ட கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவ்விடத்தில் எச்சரிக்க வேண்டிய அளவுக் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. கருவி இல்லாத சுவரைச் சுட்டிக் காட்டுவதற்கு மேதாவி தேவையில்லை. அஞ்சாமல் நடந்து பார்த்து எழுதும் ஒரு பரிசோதகர் போதும். விபத்தைப் பற்றிய விவரம் வெளி உலகுக்குத் தெளிவாகத் தெரிந்ததும் பல மாதங்கள் கழித்தே. அதுவும் தொழிலாளர் சங்கம் கிளர்ச்சி செய்ததன் பயனாகவே.

வாரியத்தின் பலவீனத்தைக் கூறுவோர் எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமல்லர். இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2012-ல் பார்லிமெண்டுக்குச் சமர்ப்பித்த அறிக்கையைப் படித்துப் பார்க்கலாம். தொழிற்சாலைக் கதிர்ப்படப் பிரிவுகளிலும் கதிர் வைத்தியப் பிரிவுகளிலும் நடத்தியிருக்க வேண்டிய பரிசோதனைகளில் நூற்றுக்கு 85 நடத்தப்படவில்லை என்று அது கூறியது. நாட்டிலிருந்த 57,443 வைத்திய எக்ஸ்-ரே நிலையங்களில் 5,270 மட்டுமே பதிவு பெற்று வாரியத்தின் பார்வையில் இருந்தன. விதியை மீறியவருக்கு விதிக்கக்கூடிய அபராதமோ ரூ. 500! வாரியம் பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்திக் கமிஷனுக்கு. அந்தக் கமிஷனின் தலைவரோ, நிலையங்களை நடத்தும் அணுசக்தி இலாகாவின் காரியதரிசி. பரீட்சை எழுதுகிறவரே பரீட்சகருக்கு மேலதிகாரியாக இருந்தால் மார்க் எப்படி விழும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இதை மாற்றுவதற்காக 2011-ல் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறாமலே 2014-ல் காலாவதியாயிற்று. 2025-ல்தான் வாரியத்துக்குச் சட்டப் பதவி கிட்டியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பதவி வேறு, முதுகெலும்பு வேறு.

சட்டப் பதவி மட்டும் போதாதென்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே அணுசக்தி ஒழுங்குமுறைக் கமிஷன் தனிச் சட்டத்தால் அமைந்தது. பரிசோதகர்கள் நிலையத்திலேயே தங்கிக் கண்காணிக்கிறார்கள். அவர்களுடைய அறிக்கைகள் பகிரங்கமாகின்றன. அப்படியிருந்தும் ஒஹையோ மாகாணத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். அதே இனத்தைச் சேர்ந்த உலைகளின் மூடிக் குழாய்களில் வெடிப்புகள் காணப்பட்டதால், 2001 டிசம்பர் 31-க்குள் சோதிக்க வேண்டுமென்று கமிஷன் விரும்பியது. கம்பெனி தவணை கேட்டது. 2002 பிப்ரவரி மத்தி வரை ஓட்ட அனுமதி கிடைத்தது. பிறகு மூடியைத் திறந்து பார்த்தபோது, கசிந்த போரிக் அமிலம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் கனமுள்ள எஃகை அரித்துக் குழியாக்கியிருந்தது. உலையின் பெரும் அழுத்தத்தைத் தாங்கி நின்றது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடியா உள்தகடு ஒன்றுதான். கம்பெனியின் பண நஷ்டத்தைக் குறைக்க வேண்டுமென்ற எண்ணம் அத்தவணைக்குப் பெரிதும் காரணம் என்று கமிஷனின் சொந்த உள்விசாரணை அதிகாரியே எழுதினார். அப்படி எழுதவும், அதை நாடு படிக்கவும் அங்கே இடமிருந்தது. நாம் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டும் இங்கே இருக்கின்றன. லாபத்தின் பேரில் கேட்கப்படும் தவணைக்கு எந்தப் பரிசோதகரும் இணங்கிவிடக்கூடும். இணங்கியதை வெளிச்சம் ஒன்றே திருத்தும். இங்கே தனியார் மூலதனம் புகப்போகும் வேளையில் இப்பாடம் மிகவும் பொருத்தமானது.

வெளிச்சம் இல்லாத இடத்தில் நேர்வதை ஜப்பான் காட்டுகிறது. டோக்கியோ மின்சாரக் கம்பெனி தன் உலைகளின் பரிசோதனைப் பதிவுகளைப் பொய்யாக்கியதை 2000-ஆம் வருஷத்திலேயே ஒரு நிபுணர் சர்க்காருக்குத் தெரிவித்தார். சர்க்கார் அதிகாரிகளோ அவருடைய பெயரைக் கம்பெனிக்கே தெரியப்படுத்தினார்கள்! இரண்டு வருஷம் கழித்து உண்மை வெளிப்பட்டது. கம்பெனியின் தலைவர் ராஜிநாமாச் செய்தார். 2003-ல் அக்கம்பெனியின் 17 உலைகளும் நிறுத்தப்பட்டன. ஆனால் கண்காணிக்கும் ஸ்தாபனமோ, அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்புள்ள அதே மந்திரி இலாகாவின் கீழேயே இருந்துவந்தது. 2011 மார்ச்சில் புகுஷிமாவில் கடல் பொங்கியது. விசாரித்த பார்லிமெண்டுக் கமிஷன் 2012-ல், இது மனிதன் விளைத்த விபத்து என்று தீர்ப்பளித்தது. கண்காணிப்போர் கண்காணிக்கப்படுவோரின் வசமாகிவிட்டதை எடுத்துக் காட்டியது. அதன் பிறகே ஜப்பான் தனிக் கண்காணிப்பு ஸ்தாபனத்தை அமைத்தது.

அறிக்கைகளை வெளியிட்டால் சத்துருக்களுக்கு இரகசியம் போய்விடும் என்று ஒரு சாரார் ஆட்சேபிப்பார்கள். அணு ஆயுதத்தைப் பற்றிய விவரங்களையோ, காவலர் நிற்கும் இடங்களையோ நாம் கேட்கவில்லை. டீசல் யந்திரம் ஓடியதா என்பதில் என்ன ராணுவ இரகசியம் இருக்கிறது? ஜனங்கள் வீணாகப் பீதியடைவார்கள் என்பது மற்றோர் ஆட்சேபம். கூடங்குளத்து முதல் உலையின் சோதனைகளில் நான்கு வால்வுகளில் குறை காணப்பட்ட செய்தி 2013 ஏப்ரலில் வாரியத்தின் மூலமாகவே வெளியாயிற்று. அதனால் வானம் இடிந்து விழவில்லை, வால்வுகளே சரிசெய்யப்பட்டன. இடிந்தகரைப் பந்தலில் மீனவக் குடும்பங்கள் கூடியது அறிவு மிகுந்து அன்று. கேட்டதற்குப் பதில் கிடைக்காததாலேயே. பீதியைப் பிறப்பிப்பது உண்மையன்று, மௌனமே. 2013 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அந்நிலையத்தை அனுமதித்தபோதும் சும்மா அனுமதிக்கவில்லை. 15 நிபந்தனைகளை விதித்தது. நிபந்தனை விதிப்பது கோர்ட்டின் கடமையானால், அது நிறைவேறுகிறதா என்று அறிவது பிரஜையின் உரிமை.

ஆகவே நாம் கோருபவை இவை. வாரியத்தின் தலைவரையும் அங்கத்தினர்களையும் தேர்ந்தெடுப்பதில் நிலையங்களை நடத்துவோருக்குக் கை இருக்கலாகாது. முன்னறிவிப்பில்லாத பரிசோதனைகள் வழக்கமாக வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையின் அறிக்கையும், வருஷாந்தர அறிக்கையில் சில வரிகளாகச் சுருங்காமல், நிலையம் நிலையமாகக் குறித்த காலத்துக்குள் வெளிவர வேண்டும். கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் உரியவை தமிழிலும் வர வேண்டும். பரிசோதகர்களுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தால் அதையும் அழிக்காமல் பதிய வேண்டும். குறையைச் சொல்லும் தொழிலாளியின் பெயர் எக்காரணம் பற்றியும் நிர்வாகத்துக்குப் போகக்கூடாது. கேட்ட தவணை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதற்குக் காரணம் எழுதப்பட வேண்டும். ஆயுத சம்பந்தமான பகுதி நீங்கலாக, எந்த ஸ்தாபனமும் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும் சலுகை பெறலாகாது.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. மனவுறுதி ஒன்றே தேவை. தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்கள், கட்சி பேதமின்றி, இக்கோரிக்கைகளைச் சபையில் எழுப்ப வேண்டும். தேசத் தொண்டர்கள் இவற்றைக் கிராமந்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்நிய ஆட்சி நம்மைக் கேள்வி கேட்கக்கூடாதென்றது; அதை ஒழித்தது கேட்பதற்காகவே. நம் ஊரின் மத்தியில் எரியும் உலையைப் பற்றிப் பரிசோதகர் எழுதியதை நாமே படிக்க முடியாதென்றால், அது நமது உலை என்று சொல்லிக்கொள்வதில் பொருள் ஏது?