சத்தத்தை அடைக்கலாம், மூச்சை அடைக்கலாமா?

வீட்டிலேயே ஒரு ஒலிப்பதிவு அறை. திண்டுக்கல் மாதிரி ஊரில் இன்றைக்கு இது எட்டாத கனவு இல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நல்ல மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். பழனி பாதயாத்திரைப் பாட்டு, மாதா கோவில் பாட்டு, குறும்பட டப்பிங் என்று எதற்கும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஏ.ஆர்.ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூட 1989-ல் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டை ஒட்டித் தொடங்கியதுதான். 'ரோஜா' வந்தது அதற்குப் பிறகு, 1992-ல்.

ஆனால் இப்படி அறை போடுகிறவர்களின் செலவுப் பட்டியலைப் பாருங்கள். மைக் இருக்கும். சுவரில் ஒட்ட ஃபோம் இருக்கும். இரட்டைக் கதவு இருக்கும். கடைசியில் ஒரு ஸ்ப்ளிட் ஏசி இருக்கும். காற்று மட்டும் இருக்காது! உள்ளே இருப்பவர் மூச்சு விடுவதற்கு வழி போடாத ஒலிப்பதிவு அறை பாதி கட்டிய அறைதான். மைக்குக்குக் காசு ஒதுக்கும் முன்பே காற்றுக்கு ஒதுக்க வேண்டும்.

அறையை ஏன் அடைக்கிறார்கள் என்பது புரிகிற விஷயம். திண்டுக்கல் ஜங்ஷனில் திருச்சி, மதுரை, கரூர், பழனி என்று நாலு பக்கமும் ரயில் பாதை பிரிகிறது. ஹாரன் சத்தத்துக்கு நேரம் காலம் கிடையாது. கோவில் கொடை, கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம் என்று எங்காவது ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். சத்தம் காற்றோடு சேர்ந்துதான் வருகிறது. ஆகவே காற்று நுழைகிற ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தால்தான் சத்தம் நிற்கும். சத்தத்தை நிறுத்துகிற அதே வேலை மூச்சுக் காற்றையும் நிறுத்திவிடுகிறது. சிக்கலே இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10-க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி. மொத்தம் 1,000 கன அடி, அதாவது சுமார் 28,000 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். பாடுகிறவர் ஒருவர், கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் 36 லிட்டர். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவுக்கு இருக்கும் கரியமில வாயு, இறுக்கி அடைத்த அந்த அறையில் ஒரே மணி நேரத்தில் 1,700 பங்கைத் தாண்டிவிடும். இரண்டாவது மணி நேரம் 3,000. உடனே மயக்கம் வருகிற அளவு இல்லை. ஆனால் தலை கனக்கும், கொட்டாவி வரும், கவனம் சிதறும். "இன்னைக்கு குரல் சரியில்லை" என்று பாட்டுக்காரர் தொண்டையைக் குறை சொல்வார். குறை தொண்டையில் இல்லாமலும் இருக்கலாம்.

"அதான் ஏசி இருக்கே?" என்று கேட்பவர்கள் நிறைய. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர வைத்து, திரும்ப விடுகிறது. சித்திரை வெயிலில் வெளியே 38 டிகிரி அடிக்கும்போது உள்ளே 24 டிகிரி இருந்தால் உடம்புக்குச் சுகமாக இருக்கும். சுவாசிப்பது என்னவோ பழைய காற்றுதான்.

பழைய காற்று வெறும் அசதியோடு போகிற சமாச்சாரமும் இல்லை. 2020 மார்ச் 10-ம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பகுதியில் 61 பேர் சேர்ந்திசைப் பயிற்சிக்காக ஒரு கூடத்தில் இரண்டரை மணி நேரம் இருந்தார்கள். அதில் ஒருவருக்கு ஏற்கனவே நோய் அறிகுறி இருந்தது. உறுதியானது, சந்தேகத்துக்குரியது எல்லாம் சேர்த்து 53 பேருக்கு கொரோனா. இருவர் இறந்துபோனார்கள். பாடும்போது வாயிலிருந்து நுண்துளிகள் அதிகம் வெளிப்படும். காற்று மாறாத இடத்தில் அவை அப்படியே மிதக்கும். கூடத்திலேயே இந்தக் கதி என்றால், பத்தடி அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டால்? அதுவும் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை இருபுறமும் பூசினால் சுமார் 50 டெசிபல் வரை சத்தத்தைத் தடுக்கும். 10-க்கு 10 அடிச் சுவரில் ஒரு சதுர அடி ஓட்டை என்பது நூறில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்கு போதும், 50 டெசிபல் சுவர் 20 டெசிபல் சுவராக இறங்கிவிடும். போதாக்குறைக்கு ஃபேன் சத்தம் வேறு நேராக மைக்கில் விழும்.

அப்படியானால் ஓட்டை வேண்டும், ஆனால் அது நேரான ஓட்டையாக இருக்கக் கூடாது. திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டிலும் ஓட்டை இருக்கிறது. சரியான சாவி மட்டும்தான் உள்ளே போய்த் திரும்பும். அறைக்கும் அப்படி ஒரு வழி போட்டால் காற்று போகும், சத்தம் போகாது.

செய்முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கனமான பிளைவுட்டில் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு மூன்று தடுப்புப் பலகைகள். காற்று பாம்பு மாதிரி வளைந்துதான் போக வேண்டும். உள்பக்கம் முழுக்க ராக்வூல் வைத்து, தூசி பறக்காமல் மேலே துணி போர்த்த வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் சத்தத்தில் கொஞ்சத்தை ராக்வூல் விழுங்கிவிடும். காற்று உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு பெட்டிகள் தேவை. மிச்சம் பிடிக்கிறேன் என்று ராக்வூலுக்குப் பதில் மெத்தை ஃபோம் வைப்பது ஆபத்து. 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இசை விடுதியில் சுவரில் ஒட்டிய ஃபோம் பற்றி எரிந்து 100 பேர் இறந்தார்கள்.

ஃபேன் அறைச் சுவரில் இருக்கக் கூடாது. பெட்டிக்கு அந்தப் பக்கம், குழாயின் நடுவில், ரப்பரில் தொங்க வேண்டும். குழாய் பெரிதாக இருக்க வேண்டும், காற்று மெதுவாகப் போக வேண்டும். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் என்று இரண்டு பேருக்கு 20 லிட்டர் வெளிக்காற்று தேவை என்று வையுங்கள். 4 அங்குலக் குழாயில் அது நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓடும். 6 அங்குலக் குழாயில் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். வேகம் பாதியானால் காற்று எழுப்பும் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். குழாய்க்கு ஆகும் கூடுதல் செலவு மைக் விலைக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

திண்டுக்கல்லுக்கு என்று இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, காற்றை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது? ஆடிக் காற்றில் புழுதி வரும் திசை, ரோட்டுப் பக்கம், தோல் ஷாப் வாடை வரும் பக்கம் இவற்றைத் தவிர்த்து, நிழல் விழும் பக்கமாக எடுத்து, வாயில் ஒரு ஃபில்டர் போட வேண்டும். இரண்டு, கரண்ட் போனாலும் ஓடும்படி ஃபேனை இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும்.

"நாலு நிமிஷப் பாட்டுக்கு இவ்வளவு எதற்கு? கதவைத் திறந்து மூடினால் போதாதா?" என்பது நியாயமான கேள்வி. தனி ஆள், ஒரு பாட்டு என்றால் போதும். ஆனால் நாள் முழுக்க டப்பிங், ஆடியோ புத்தகம் என்றால் போதாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெயில் உள்ளே வரும், வெக்கையிலும் ஈரத்திலும் மிருதங்கத்தின் சுருதி நகரும். வாடகை வீடு, சுவரை உடைக்க முடியாது என்பவர்களுக்கும் வழி உண்டு. ஜன்னல் அளவுக்கே பெட்டியைச் செய்து ஜன்னலில் பொருத்திவிட்டு, காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

சொந்த வீடு கட்டுகிறவர்கள் மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம். கொத்தனார் சுவர் எழுப்பும் முன்பே அந்த இரண்டு ஓட்டைகளையும் குறித்துக் கொடுத்துவிடுங்கள். பூசி, ஃபோம் ஒட்டி, ஏசி மாட்டிய பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனசு வராது. மைக்கை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். பாட்டு என்பதே மூச்சுதான், அதற்கு வழி விட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.