"உள்ளேன் ஐயா" எனும் குரல் எங்கே?

தோழனே!

காலை மணி ஒலிக்கிறது. வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். பெயர்கள் அழைக்கப்படுகின்றன. "உள்ளேன் ஐயா", "உள்ளேன் ஐயா" என்று குரல்கள் கிளம்புகின்றன. ஒரு பெயருக்கு மட்டும் குரல் இல்லை. மறுமுறை அழைக்கிறார், மௌனம்! பேனா ஒரு குறியிட்டு அடுத்த பெயருக்கு நகர்கிறது. நாடும் அப்படியே தன் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுகிறது.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று உன்னிடம் பேச வந்திருக்கிறேன்.

வராத பிள்ளையைப் பற்றி ஊர் உரைப்பது என்ன? "சோம்பேறி" என்கிறது ஒரு நாக்கு. "படிப்பு ஏறாத மண்டை" என்கிறது இன்னொன்று. "எல்லாம் தலையெழுத்து" என்று பெருமூச்சு விடுகிறது மூன்றாவது. தீர்ப்பு தயார், தண்டனையும் தயார், விசாரணை மட்டுந்தான் நடக்கவில்லை! கல்லூரிப் படிகளை முழுவதும் ஏறி முடிக்காதவன் நான். பாதியில் இறங்கியவனுக்குத்தான் படியின் உயரம் தெரியும். அந்த உரிமையோடு சொல்கிறேன்: பள்ளிக்கு வராத குழந்தை குற்றவாளி அல்ல, முறையிட வந்தவன். வாயால் சொல்ல அஞ்சும் பிள்ளை, தன் வெற்றிடத்தையே விண்ணப்பமாக வைத்துவிட்டுப் போகிறான். அதைப் படிக்க மறுக்கும் நாம்தான் எழுத்தறிவற்றவர்கள்!

சான்று கேட்பாய். தருகிறேன்.

"ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்ற பேச்சு பழையது. 1920-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், அந்தப் பேச்சை நம்பாமல் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தது. ஆயிரம் விளக்குப் பள்ளியிலே நண்பகல் உணவு பரிமாறப்பட்டது. 1956-இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலத்துக்கு உரியதாக்கிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. சோறு வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். 'நாட்டமின்மை' எங்கே போயிற்று? அது ஒருநாளும் இருந்ததில்லை, தோழனே! இருந்தது பசி. பசிக்கு 'நாட்டமின்மை' என்று பெயர் சூட்டியவர்கள் பசித்தறியாதவர்கள்.

இதே பிள்ளையைப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்தவர்களும் உண்டு. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை மறந்துவிட முடியுமா? பள்ளியில் 3 மணி நேரம். மீதிப் பொழுதில் தகப்பன் தொழில்! வர முடியாத பிள்ளைக்கு வழி அமைப்பதை விட்டுப் பள்ளியையே பாதியாக்கினர். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுத் தமிழகம் கொதித்தது. 1954-இல் அந்தத் திட்டம் மண்ணாயிற்று. ஒருவர் தடையை அகற்றுகிறார்; மற்றவர் பிள்ளையை அகற்றுகிறார். கல்வி அரசியலில் காலந்தோறும் நடக்கும் போர் இவ்விரண்டுக்கும் இடையேதான்.

அந்தப் போர் ஓய்ந்ததா? இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் தேக்கி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் திருத்தம் வந்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதிகளையும் மாற்றி, ஐந்திலும் எட்டிலும் தவறினால் அதே வகுப்பு என்றது. தமிழ்நாடு அவ்வழி செல்ல மறுத்தது.

"கூடுதல் பயிற்சி தருகிறோமே! 2 மாதத்தில் மறுதேர்வு வைக்கிறோமே! பள்ளியை விட்டு நீக்க மாட்டோமே!" என்று வாதிடுவர். பயிற்சியை வரவேற்கிறேன். ஆனால் கேட்கிறேன்: அந்தப் பயிற்சியைப் பிள்ளை விழுந்த பிறகுதான் தர வேண்டுமா? தள்ளாடும்போது தாங்காத கை, விழுந்தபின் நீள்வதற்குக் கருணை என்றா பெயர்? பத்து வயதுப் பிள்ளையை, தன்னினும் இளையோர் நடுவே மீண்டும் அதே பலகையில் அமர்த்திப் பார். ஏற்கனவே அரைமனத்தோடு வந்த கால், அடுத்த நாள் வாசற்படி தாண்டுமா?

இதுவரை எதிரியைக் கேட்டேன். இனி உன்னைக் கேட்கிறேன். வயிற்றுப் பசியை வென்ற நாம், வயிற்றைக் கலக்கும் அச்சத்தை வென்றோமா?

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துள்ளி விளையாடிய பிள்ளை, திங்கட்கிழமை விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்கிறது. பள்ளி மணி கடந்ததும் வலி குறைகிறது. "பார்த்தீர்களா, நடிப்பு!" என்று தகப்பன் பிரம்பைத் தேடுகிறான். நாடகம் எழுதுபவன் நான். நடிப்பு எது என்று எனக்குத் தெரியும். இது நடிப்பன்று. அச்சம் உடலில் ஏறினால் வலியாகவே வரும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அடித்து இழுத்துச் சென்றால் அச்சம் இரட்டிக்கும். "பாவம், கிடக்கட்டும்" என்று மாதக்கணக்கில் வீட்டிலே வைத்தாலும் திரும்புவது இன்னும் கடினமாகும். முதலில் மருத்துவரிடம் காட்டி நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு, அஞ்சுவது எதற்கு என்று கேட்க வேண்டும். கரும்பலகை தெரியாத கண்ணா? எழுத்துகள் இடம் மாறித் தோன்றும் துன்பமா? ஏளனம் செய்யும் தோழர்களா? கடுஞ்சொல் வீசும் ஆசிரியரா? தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையா? காரணம் கண்டு களைந்துகொண்டே, இன்று வாசல்வரை, நாளை ஒரு பாடவேளை, அடுத்து அரைநாள் என்று, அன்பான ஓர் ஆசிரியரின் துணையோடு படிப்படியாக மீட்க வேண்டும்.

காரணங்களிலே கொடியது சாதி. சதாராவிலே சிறுவன் அம்பேத்கர், தான் கொண்டுவந்த கோணிச் சாக்கின் மீது தனியே அமர்ந்தார். பள்ளிப் பணியாள் ஊற்றினால் தண்ணீர். அவர் வராவிட்டால் தாகம்! பழங்கதை என்பாயா? 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நடந்தது என்ன? சாதியின் பேரால் சக மாணவர்கள் இழைத்த தொல்லை பொறுக்காமல், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் என்று கேட்கப்பட்டபோது உண்மையைச் சொன்னான். சொன்னதற்கு விடையாக, இரவிலே அவன் வீட்டுக்கு அரிவாள் வந்தது! அவனும், தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுண்டனர். அவன் வராதிருந்த நாட்களில், "படிப்பில் அக்கறை இல்லாதவன்" என்று எவரேனும் எழுதியிருந்தால், அந்த எழுத்து எத்தனை பெரிய பொய்!

அதன் பின் நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கைகளில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்றது. கயிற்றைப் பள்ளி அறுக்கலாம். கயிறு கட்டி அனுப்பும் வீட்டை யார் திருத்துவது? அங்கே ஆசிரியர் நுழைய முடியாது. நீ நுழைய முடியும், தோழனே! அந்த வீட்டிலும் நம் கொடி பறக்கிறது என்றால், கடமை உனக்கு இரு மடங்கு!

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் சரிபாதி பெண்கள். உன் தெருத் தாய்மாரை அங்கே பேச வை. தொடர்ந்து வராத பிள்ளைகள் யார் என்று கேட்கச் சொல். அவர்கள் வீட்டுக்குப் போ. "ஏன் வரவில்லை?" என்று அதட்டாதே, "எது தடுக்கிறது?" என்று கேள். கண்ணாடி வேண்டுமா, பேருந்து வேண்டுமா, கங்காணியிடம் வாங்கிய முன்பணம் அடைபட வேண்டுமா, குறித்துக்கொள். அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடுக்கப்பட்டவை என்பதை ஊரறியச் சொல். கல்வி உதவிக்கு 14417, ஆபத்திலுள்ள குழந்தைக்கு 1098 என்னும் எண்களைப் படிப்பகச் சுவரிலே பெரிதாய் எழுதி வை.

மாநாட்டுக்கு ஆயிரம் பேரைத் திரட்டத் தெரிந்தவன் நீ. மழையிலும் வெயிலிலும் வாக்காளரை வீடு வீடாய்த் தேடி நடந்தவன் நீ. வாக்கில்லாத ஒரு சிறுவனுக்காக ஒரு தெரு நடக்க மாட்டாயா? வாக்குக்காக நடப்பது தேர்தல். வாக்கில்லாதவனுக்காக நடப்பதுதான் இயக்கம்.

நாளை திங்கட்கிழமை. புறப்படு!